ஆட்டுமணிக்கு வந்த ஆறு

ஒரு ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. காலை ஆட்டாமக் கேளுட்டி, அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன். அந்த ஊர்ல குருவம்மான்னு ஒருத்தி. பதினேழு ஆடு வச்சிருந்தா, ஒவ்வொண்ணுக்கும் கழுத்துல மணி. ஆனா ஆடெல்லாம் நாக்கு வறண்டு, "மே"ன்னு கத்தக்கூடத் தெம்பில்லாமக் கிடக்கு. அவளுக்குப் பொறுக்கல. இடுப்புல ஒரு மணியைச் செருகிக்கிட்டு மலைக்கு ஏறிட்டா. ம் கொட்டு.

அங்க ஒரு சுனை. அதுக்குள்ள ஒரு குட்டி ஆறு படுத்திருந்துச்சு.

"எங்க ஊருக்கு வாரியா?"

"வரலாம். எனக்குக் கண்ணு தெரியாதே."

"இந்த மணிச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வா."

டிங் டிங்னு அவ முன்னால, சலசலன்னு அது பின்னால. அப்புறம் ஒரு பனங்காடு. பதநீர் குடிக்க உக்காந்துட்டா. மணி நின்னுச்சு. ஆறு எங்கிட்டுப் போகன்னு தெரியாம கிறுகிறுன்னு அங்கயே சுத்தி, பெரிய பள்ளமே விழுந்துருச்சு. இன்னைக்கும் அங்க ஆள் இறங்க மாட்டாங்க.

அப்புறம் அவ அக்கா ஊரு. சும்மா வருவாளா? வாசல்ல நின்னு பேச்சு, பேச்சு, உங்க அம்மா மாதிரி. மணியை மறந்தே போனா. ஆறு அவளைத் தேடித் தேடி அந்த ஊரையே சுத்தி வந்துச்சு. அதான் அங்க அவ்வளவு பெரிய வளைவு. தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்புறம் சொந்த ஊரு வந்துருச்சு. ஆனா ஆடுங்க அவ்வளவு தண்ணியை எங்க பார்த்துச்சு? மிரண்டதுல எங்கிருந்தோ தெம்பு வந்து, கிழக்க பாஞ்சுதுங்க. டிங்டிங்டிங்டிங்! ஆறும் குஷியா பின்னாலயே ஓடுது. நாலு வயல் தாண்டினா கடல். உப்புல விழுந்தா அம்புட்டுதான், ஊருக்கு ஒரு வாய் கிடைக்காது.

குருவம்மாவுக்குப் பனங்காடு ஞாபகம் வந்துச்சு. "மணியைப் பொத்துங்க!"ன்னு தன் மணியைப் பொத்திக்கிட்டே கத்துனா. ஊரே ஓடி, ஆளுக்கொரு ஆட்டைக் கட்டிப்பிடிச்சு, மணியைக் கையால பொத்திட்டாங்க.

அப்போ ஒரு சத்தமும் இல்ல.

"குருவம்மா?"ன்னு ஆறு கூப்பிட்டுச்சு. பாவம், அவளுக்கு அழுகையா வந்துச்சு. ஆனா வாயைத் திறக்கல. ஆறு தேடுச்சு, கிறுகிறுன்னு சுத்துச்சு, அசந்து அங்கயே படுத்துருச்சு. அதான் நம்ம குளம். ஒன்பது மைல் ஆறு, கடலைப் பார்க்கவே இல்ல. இன்னைக்கும் புதுத்தண்ணி வந்தா, குளம் நிறையுற வரைக்கும் ஆட்டு மணியெல்லாம் அவுத்து வச்சிருவோம்.

ம் கொட்டுட்டி... எங்க, "ம்" சத்தத்தையே காணோம்?

சரி. சத்தம் நின்னுருச்சு. கதையும் இங்கயே படுத்துக்கட்டும்.