ஒரே பெயரில் இரண்டு வரி

புயல் ஓய்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தக் கடலோர மாவட்டத்தின் முகாம்களில் தங்கியிருந்தவர்களின் விவரம் முழுவதும் ஒரே டேட்டாபேஸில் குவிந்திருந்தது. ஒரு பதிவுக்கு ஒரு வரியாகத் தொண்ணூறாயிரம் வரிகள். முகாம் மாறியவர்களைப் போன இடத்திலும் புதிதாகப் பதிந்திருந்ததால் பலர் இரண்டு மூன்று முறை இருந்தார்கள். தேடி வந்தவர்களுக்கு எந்த முகாம் என்று சொல்ல முடியவில்லை.

கலியமூர்த்திக்கு வயது ஐம்பத்தைந்து. மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து டேட்டாபேஸ் வேலைக்கு வந்தவர். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்த ரெஹானாவுக்கு முப்பத்தொன்று.

"மேடம், ரெட்டைப் பதிவ எடுக்கக் காலையில ஓடவிட்ட குவெரி இன்னும் முடியல. பெரிய மெஷின் கேக்கலாமா?"

ரெஹானா முகாமிலிருந்து வந்த காகிதப் படிவங்களில் ஒரு கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல ரெட்டையா இருக்கறத எடுங்கண்ணே."

அவர் முதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புரட்டினார். அடுத்து இரண்டாவது. ஐந்தாவதில் நிறுத்திவிட்டார். ஊர்வாரியாகப் பிரித்தார். ஒவ்வொரு ஊரையும் பெயர்வாரியாக அடுக்கினார். ஒரே மாதிரியானவை பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்தன.

நிமிர்ந்தார். "மெஷினும் நான் முதல்ல செஞ்ச மாதிரிதான் செய்யுது, இல்ல?"

"ஆமாண்ணே."

குவெரியை நிறுத்தினார். ஊர், பெயர், அப்பா பெயர், பிறந்த ஆண்டு நான்கையும் வைத்து, படிவங்களை அடுக்கியது போலவே வரிசைப்படுத்தும் ஒரு இண்டெக்ஸ் போட்டார். மறுபடி ஓடவிட்டார்.

நாலே நிமிடம்.

ஆதார் எண்ணும் ஒத்துப்போனவற்றில் ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்கினார்கள். ஆதார் அட்டையைத் தண்ணீரில் பறிகொடுத்தவர்கள் மிஞ்சினார்கள். நாற்பத்து மூன்று ஜோடி.

"பழைய வரிய எல்லாம் அழிச்சிரட்டுமா மேடம்?"

"முதல் ஜோடி யாரு?"

"அபிநயா. அப்பா முருகன். ஒரே ஊரு, வயசு ஒன்பது. ரெண்டு முகாம்ல இருக்கு."

"ரெண்டுக்கும் போன் போடுங்க."

முதல் முகாமில் ஒரு பெண் எடுத்தார். "அபிநயாவா? இங்கதான் இருக்கு. இப்பதான் சாப்பிட்டுப் படுத்துச்சு."

கலியமூர்த்தியின் கை மற்ற வரியை அழிக்க மவுஸுக்குப் போனது. ரெஹானா அடுத்த எண்ணைக் காட்டினாள்.

இரண்டாவது முகாமில் லைனிலேயே இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு சின்னக் குரல்.

"நான்தான் அபிநயா. எங்கப்பா வந்துட்டாரா?"

கலியமூர்த்தி மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னும் இல்லம்மா. உன் பேரு எங்ககிட்ட இருக்கு. அவரு கேட்டா உடனே சொல்லிருவோம்."

போனை வைத்துவிட்டு இரண்டு வரியையும் அழிக்காமல் விட்டார். பிறகு மிச்சப் பட்டியலைப் பார்த்தார்.

"இன்னும் நாப்பத்திரெண்டு இருக்கு மேடம். சாயங்காலம் ஆயிடும். அப்புறம் எதுக்கு அத நாலு நிமிஷத்துல முடிச்சோம்?"

ரெஹானா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் போனை எடுத்தாள்.

"இதுக்கு நேரம் கெடைக்கத்தாண்ணே."