வெதுவெதுப்பில் கழுவியவர்

பேராசிரியர் தில்ஷாத்தைவிட, அவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்த வேதநாயகத்துக்கு எட்டு வயது கூட. சுகாதார ஆய்வாளர் வேலையிலிருந்து படிக்க வந்தவர். போன மழைக்காலத்தில் அவர் தெருவில் இரண்டு பிள்ளைகள் கொசுவால் வந்த மூளைக்காய்ச்சலில் இறந்துபோயின. அடுத்த மழைக்குள், கொசுப்புழுவைக் கொல்லும் கிருமியை ஊர் மண்ணிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மனிதர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிழை ஒன்று அவர்களிடம் இருந்தது. மண்ணிலிருந்து வளர்த்த கிருமிகளை ஒரு தாளில் வரிசையாக வைத்து, அந்த இழையைச் சேர்ப்பார்கள். பிறகு சுடுநீரில் கழுவுவார்கள். ஒப்புக்கு ஒட்டியது கழன்றுவிடும். பொருந்தி ஒட்டியது மட்டும், அந்தத் தாளை எடுக்கும் படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும்.

வேதநாயகம் படத்தோடு ஓடிவந்தார். படம் முழுக்கக் கறுப்பு.

"மேடம், எல்லா மண்ணுலயும் இருக்கு! ஊருக்குச் சொல்லிடட்டுமா?"

தாளின் ஒரு மூலையில் தயிர்க் கிருமியையும் வைப்பது அந்த ஆய்வகத்து வழக்கம். தில்ஷாத் அந்த மூலையைப் பார்த்தார். அதுவும் கறுத்திருந்தது.

"தயிரும் கொசுவைக் கொல்லுதா சார்?"

வேதநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது.

"தண்ணி எவ்வளவு சூடு?"

"வெதுவெதுன்னுதான் மேடம். ரொம்பச் சூடா ஊத்தினா இருக்கறதும் போயிடுமோன்னு பயம்."

"மறுபடி கழுவுங்க. சரியான சூட்டுல."

கழுவினார். பயந்து பயந்து ஊற்றியதில் பாதித் தண்ணீர் மேஜையில் கொட்டியது. மறுநாள் படம் வரும்வரை வராந்தாவில் உலாத்திக்கொண்டே இருந்தார், பாவம்.

படத்தில் தயிர் இல்லை. வயல் மண் இல்லை, ஏரிக்கரை மண்ணும் இல்லை. குளத்து மண்ணுக்கு நேரே மட்டும் மங்கலாக ஒரு புள்ளி நின்றது.

"நின்னுடுச்சு மேடம்! மாதா காப்பாத்திட்டா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பச் சொல்லிடலாம்ல?"

"இன்னும் கொஞ்சம் சூட்டுல ஒரு தடவை கழுவுங்க."

"மேடம், மிச்சம் இருக்கறதே இது ஒண்ணுதான். இதுவும் போயிட்டா?"

"போயிட்டா நீங்க இங்க உக்காந்து ஒரு நாள் அழுவீங்க," என்றார் தில்ஷாத். "இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா, உங்க தெருவுல இன்னிக்கே கொசுவலையைக் கழட்டிடுவாங்க."