ட்ரிக்கரின் வாயை மூடியவர்

ரத்த வங்கியின் கணினி ஒரு பையை வெளியே விட மறுத்தது. வடிவேல்முருகன் அதன் வாயை மூடினார். பை போய்விட்டது.

ஜெசிந்தா உள்ளே வந்தாள். அவருக்குத் தரவுத்தள வேலை கற்றுக்கொடுப்பவள். சீடர் அவளைவிட மிகவும் மூத்தவர். அதையெல்லாம் அவள் பார்ப்பதில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து கத்தினாங்களே, என்ன ஆச்சு?"

"சரி பண்ணிட்டேன் மேடம். ட்ரிக்கர்தான் ஃபெயில் ஆச்சு. அதை நிறுத்திட்டேன். இப்ப எர்ரரே வரலை."

ட்ரிக்கர் என்றால் அட்டவணையில் ஒரு பதிவு விழும்போது தானாக ஓடும் சிறு நிரல். பதிவு சரியில்லை என்றால் தடுக்கும். அதற்காகத்தான் அதை வைப்பது.

"எர்ரர் என்ன சொல்லிச்சு?"

"04088. ட்ரிக்கர் ஓடும்போது பிழைன்னு."

"அது கடைசி வரி. முதல் வரி?"

"பிரசவமான பொண்ணுக்கு ரத்தம் நிக்கலை மேடம். நான் உட்கார்ந்து வரி வரியாப் படிக்கவா?"

"இப்பப் படிங்க."

படித்தார். "20017. பரிசோதனை முடிவு இல்லாத பை. வெளியே..."

அவர் முடிப்பதற்குள் அவள் தியேட்டருக்குப் போன் போட்டாள். "இப்ப வந்த பையை ஏத்தாதீங்க. மாட்டியாச்சா? கழட்டுங்க. வேற பை வருது."

ட்ரிக்கரைத் திரும்ப இயக்கினாள். அதே ரத்த வகையில், சோதனை முடிந்த பை ஒன்றைப் பதிந்தாள். முணுமுணுப்பே இல்லாமல் பதிவானது. ஊழியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார். திரும்பி வந்த பை சோதனைக்கூடத்துக்குப் போனது.

"நெட்ல தேடினேன் மேடம். ட்ரிக்கரை நிறுத்துன்னுதான் போட்டிருந்தான்."

"எவன்? அந்த ரத்தத்தை அவன் ஏத்திக்குவானா?"

அவர் செல்போன் அடித்தது. "பாப்பா ஸ்கூல் மேடம்..."

ஜெசிந்தா அதைப் பிடுங்கி அணைத்தாள்.

"மேடம்! என்ன விஷயமோ தெரியலையே!"

"சத்தம் நின்னுடுச்சுல்ல? சரியாயிடுச்சு. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. போனைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினார். மகள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தாள், அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மேசைப் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். சோதனைக்கூடத்திலிருந்து. அந்தப் பையில் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தது. ஒரு சொட்டும் அந்தப் பெண்ணின் உடம்புக்குள் போகவில்லை. வேறு பை ஏறிவிட்டது, பிழைத்துக்கொள்வாள்.

அவர் போனைக் கையால் பொத்தினார்.

"கண்டுபிடிச்சது யாருன்னு டாக்டர் கேக்குறாராம். உங்க பேரைச் சொல்லவா மேடம்?"

"என் பேரு எதுக்கு? நீங்க கழுத்தை நெரிக்கிற வரைக்கும் விடாமக் கத்திச்சே, இருபதாயிரத்துப் பதினேழு. அதைச் சொல்லுங்க."