அடிக்காத மணி

லோரன் ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கல்லூரிகள். வடகரையில் பெரியது, தென்கரையில் சின்னது. "இரண்டும் ஒன்றாகட்டும். மூத்ததன் பெயர் நிற்கட்டும், இளையதை இழுத்துப் பூட்டுங்கள்" என்று பிரபு உத்தரவு போட்டுவிட்டார். தென்கரைதான் மூத்தது என்று காட்டும் பத்திரங்கள் எப்போதோ தீயில் போயிருந்தன.

வடகரைத் தலைவர் கன்ராட் ஊருக்குப் புதியவர். பாலம் தாண்டி வந்து, தென்கரையில் மணியடிக்கும் பார்பராவை அதட்டினார்.

"உங்களுடையதுதான் மூத்ததென்றால் நாளைக்குப் பிரபு முன்னால் நிரூபி! அப்புறம், நாளைக்கு என் மணி மட்டும்தான் கேட்க வேண்டும். கயிற்றில் கை வைத்தாயோ, தொலைந்தாய்!"

"தொடவே மாட்டேன் ஐயா. நிரூபித்தும் விடுகிறேன்."

மறுநாள் வடகரை முற்றத்தில் பிரபு வந்து உட்கார்ந்தார். வடகரை மணி அடித்தால்தான் இணைப்பு விழா தொடங்கும். மணி அடிக்கவில்லை. தென்கரைக்காரர்கள் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போனது. பிரபு முகம் சுளித்தார்.

கன்ராட் மேலே பார்த்துக் கத்தினார். "யாக்கோப்! ஏன்டா அடிக்கவில்லை?"

வடகரையில் மணியடிக்கும் யாக்கோப் கோபுரத்திலிருந்து தலையை நீட்டினான்.

"தென்கரை மணி இன்னும் அடிக்கவில்லையே ஐயா! அது ஓய்ந்த பிறகுதானே என்றைக்கும் நாம் அடிப்போம்? மூத்ததற்கு முன்னால் இளையது வாய் திறக்கலாமா?"

பார்பரா கன்ராட்டின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இப்போது கயிற்றைத் தொடலாமா?"