உரலின் குட்டிகள்

சடையாண்டி டாக்டர் பூங்கோதையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது தன்னுடைய ஆட்டுப்பட்டியில்தான். கார்த்திகை மாதம், மழை விட்ட காலை. அதற்கடுத்த இருபதாம் நாள் காய்ச்சல் டாக்டரைக் கொண்டுபோய்விட்டது.

டாக்டருக்கு வயது முப்பத்தாறு, சடையாண்டிக்கு ஐம்பத்தெட்டு. இருந்தும் மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் கால்நடை ஆய்வுக்கூடத்துக்குப் போய், அவர் முன்னால் மாணவனாக உட்கார்ந்தவர் சடையாண்டி. "வழுக்கை விழுந்த பிறகு வாய்ப்பாடா?" என்று மச்சினன் கிண்டலடிப்பான்.

"வருசா வருசம் குட்டி சிறுத்துக்கிட்டே போகுதே, ஏன் டாக்டரம்மா?" என்று அவர் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் அப்போது எல்லா ஆட்டிலும் ரத்தம் எடுத்துப் போனார். அன்று காலை மரபணு வரைபடத்தோடு வந்து நின்றார்.

"உடம்பு வளர்த்தி எந்த எடத்துல இருக்குன்னு இதுல தெரியும். எந்தக் குட்டிக்கு எவன் அப்பன்னும் தெரியும். அண்ணாச்சி, இந்த வருசக் குட்டி நாப்பத்தொண்ணு. அதுல முப்பத்தஞ்சுக்கு ஒரே அப்பன். எவன்?"

"போன பங்குனியில கோயிலுக்கு வெட்டினமே, அந்தக் கிடாவா? யானைக்குட்டி மாதிரி இருந்தான்."

"அவன் பொட்டையோட சேருறதுக்கு முந்தியே போயிட்டானே."

டாக்டர் நடந்துபோய், மூலையில் நின்ற, எல்லாரும் 'உரல்' என்று கூப்பிடும் குட்டைக் கிடாவின் முதுகில் கைவைத்தார்.

"உரலா!" சடையாண்டி வாய்விட்டுச் சிரித்தார். "உருட்டிவிட்டா உருளுவான். இவனை யாவாரியும் வாங்கல, சாமிக்கும் ஆகாது. அதான் பட்டியில கெடக்கான்."

"அதான் பட்டியில கெடக்கான்" என்றார் டாக்டரும்.

சடையாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது.

கழுத்தில் மணி கட்டியிருந்த இளங்கிடாவிடம் டாக்டர் போனார். "வரைபடத்துல இவனுக்குத்தான் முதலிடம். இவனை விட்டுவைப்பீங்களா?"

"அவன் பங்குனிக் கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்டவன். அதுக்குத்தான் அந்த மணி. இருக்கிறதுலயே நல்லதைத்தான் சாமிக்குக் கொடுக்கணும். எங்க பாட்டன் காலத்து வழக்கம். அதை மீறுனா சாமி குத்தம் ஆயிராதா?"

"என்ன கேட்டு நேர்ந்தீங்க?"

"வேற என்ன கேப்பேன்? மந்தை செழிக்கணும்னுதான்."

டாக்டர் இளங்கிடாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"சாமி வருசா வருசம் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கீங்க."

சடையாண்டி குனிந்து கிடாவின் கழுத்து மணியை அவிழ்த்தார்.

அந்தக் கிடாவுக்கு இப்போது பட்டியில் முப்பத்திரண்டு குட்டிகள்.