இழுத்துப் பாடிய பேர்

தேனப்பன் தன் மகளுக்குப் பேர் வைக்கவில்லை, கட்டினான். மடத்தில் பஜனை பாடுகிற ஆள். மனைவி பிள்ளையைச் சுமந்த காலமெல்லாம் இவன் பேரைச் சுமந்துகொண்டு திரிந்தான்.

இன்னிசைத்தேன்மொழிப்பூங்குழல்வல்லி.

முறைப்படி அத்தைதான் பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டும். தங்கை குமுதத்தை அவன் கிட்டேயே விடவில்லை.

“நீ பாதியை முழுங்கிடுவே.”

“ரயிலாட்டம் பேர் வெச்சா, ரெண்டு பெட்டி கழண்டுதான் போகும்ண்ணே!”

பிள்ளையைத் தூளியில் இடுவதற்கு அவனுடைய குரு சாமியம்மா வந்திருந்தார். அந்த வீட்டில் ஒரு வழக்கம். முதலில் குழவிக்கல்லுக்கு மஞ்சள் பூசி, துணி சுற்றி, தூளியில் போட்டு ஆட்டுவார்கள். பிள்ளை கல் மாதிரி திடமாக வளரணுமாம். அப்புறம் கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளையை இடுவார்கள்.

கல் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை சாமியம்மா மடியில் கிடந்தாள். தூளி ஆடுவதைக் கண்டதும் தேனப்பனுக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமி, கண்ணை இறுக மூடி, தூளிக்குள் தலையை விட்டுவிட்டான்.

குமுதம் பதறிப்போய்ச் சொல்ல வாயெடுத்தாள். சாமியம்மா உதட்டில் விரல் வைத்தார்.

மூன்று தரம் பாடினான். கடைசித் தரம் இழுத்த இழுப்பில் அவனுக்கே கண் கலங்கியது. மூடிய கண்ணோடு மகளின் கன்னத்தைத் தொட்டான்.

சில்லென்றிருந்தது.

“ஐயோ! புள்ள சில்லிட்டுக் கெடக்கே!”

பாடின குரலா அது? கிழிந்துபோய்க் கீச்சிட்டது. துணியை வாரி விலக்கினான். மஞ்சள் கல். பார்த்தும் புரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாமியம்மா மடியில் மகள் கொட்டாவி விட்டாள்.

“தாயே... இப்படிப் பண்ணலாமா? உசிரே போயிடுச்சே!”

“நான் என்னப்பா பண்ணேன்? பிள்ளையை வெச்சுக்கிட்டு இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன். நீதான் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.”

பிள்ளையை வாங்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

“பேர் மேலே பித்துப் பிடிச்சு ஆடிட்டேன் தாயே. இந்தப் பேரே வேணாம். வல்லின்னு சின்னதா வெச்சிடறேன்.”

“அப்பாடா!” என்றாள் குமுதம்.

சாமியம்மா எழுந்து வந்து, பிள்ளையை அவன் கையில் வைத்தார்.

“எதுக்குக் குறைக்கணும்? நல்லா இழுத்தே கூப்பிடு. பேர் முடியற வரைக்கும் இவ முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாமே.”