வேண்டாம் என்ற பவுலர்

கையில் முருங்கைக்கீரை இருக்கிறது, பிள்ளைகளே. உருவிக்கொண்டே சொல்கிறேன். எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது, கிட்ட வந்து உட்காருங்கள். கீரையைக் கலைக்கக் கூடாது.

ஒரு காட்டில் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. காட்டுக்கே பேர் வாங்கித் தந்த அணி. அதற்குக் கரடிதான் கேப்டன்.

கரடிக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். தேன் குடித்தால், "என்ன, இன்றைக்கு இவ்வளவு இனிக்கிறது?" என்று கூட்டை முறைத்துப் பார்க்கும். யாராவது வணக்கம் சொன்னால், "நேற்று சொல்லவில்லையே, இன்று மட்டும் ஏன்?" என்று கேட்கும்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. ஆறு வற்றிப்போய், இக்கரைக் காட்டுக்கும் அக்கரைக் காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நின்றது. தினமும் சண்டை. கடைசியில் இரண்டு காடும் உட்கார்ந்து பேசி, ஒரு கிரிக்கெட் ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தன. ஜெயிக்கிற காடு விடிகாலையில் முதலில் குடிக்கலாம். தோற்கிற காடு உச்சி வெயிலில்தான் வரவேண்டும். அதற்குள் தண்ணீர் கலங்கி, சூடாகி, பாதி சேறாகிவிடும்.

இதைக் கேட்டதும் காட்டுப்பன்றி தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தது. அதற்குச் சின்னச் சின்னக் குட்டிகள். பிறந்தபோது முதுகில் இருந்த கோடுகூட இன்னும் மறையாத குட்டிகள். உச்சி வெயிலில் அதுகளை மடு வரைக்கும் எப்படி நடத்திக்கொண்டு போவது?

"நீ ஏன் பயப்படுற பன்னியக்கா? நம்மகிட்ட சிறுத்தை இருக்கு" என்றது முயல்.

உண்மைதான். சிறுத்தையைப் போல வேகப்பந்து போட எந்தக் காட்டிலும் ஆள் இல்லை. மைதானத்தின் கோடியில் ஒரு கறையான் புற்று இருக்கும். அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். அது ஓடி வருகிற வேகத்தைப் பார்த்தே எதிராளி கண்ணை மூடிக்கொள்வான். கண்ணைத் திறந்தால் ஸ்டம்ப் இருக்காது.

ஆட்டம் நெருங்க நெருங்க, கரடிக்குத் தூக்கம் போனது.

"அக்கரைக்காரங்க ராத்திரியில வந்து மைதானத்தைக் கெடுத்துட்டா?" என்று நினைத்தது. காவலுக்கு நாயை வைக்கலாம். ஆனால் நாயை யார் காவல் காப்பது?

அதனால் யாரிடமும் சொல்லாமல், பொழுது சாய்கிற நேரத்தில் தானே போய் உடைமரத்து முள்கிளைகளை ஒடித்தது. மைதானத்தின் குறுக்கே தரதரவென்று இழுத்து வந்து, சுற்றிலும் வேலி போட்டது.

"இனி ஒரு பயல் உள்ளே வர முடியாது" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்ப் படுத்தது.

மறுநாள் காலை கரடி வேலியில் ஒரு கிளையை நகர்த்தி வழி விட, சிறுத்தை பயிற்சிக்கு வந்தது. புற்றிலிருந்து ஓட ஆரம்பித்தது. பாதி தூரம்கூட வரவில்லை, "ஐயோ!" என்று கத்திக்கொண்டு உருண்டது. முன்னங்காலில் விரல் நீளத்துக்கு ஒரு முள், அடிவரைக்கும் ஏறியிருந்தது.

கரடி முள்ளைப் பிடுங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"புல்லுத் தரையில முள்ளு எப்படி வந்துச்சு? நான்தான் வேலி போட்டிருக்கேனே! வெளியாள் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது. அப்படின்னா இது நம்ம ஆள் வேலைதான்."

"அண்ணே, நாளைக்கு ஆட்டம். இந்தக் காலோட என்னால ஓட முடியாது. வேற ஆளைப் பாருங்க" என்று முனகியது சிறுத்தை.

கரடி தலையை ஆட்டியது. "பார்க்கத்தான் போறேன். சிறுத்தையோட இடம் யாருக்கு வேணுமோ, அவன்தான் முள்ளைப் போட்டிருப்பான். எவன் வந்து 'நான் வீசுறேன்'னு கேக்கிறானோ, அவன்தான் திருடன்."

கூட இருந்த ஆமை மெதுவாகக் கேட்டது. "அண்ணே, அப்படின்னா ஆளு எடுக்கவே முடியாதே?"

"நீ ஏன் அதைப் பத்திக் கவலைப்படுற?" என்று கரடி கேட்டதும், ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நாவல் மரத்தடியில் ஆள் எடுப்பு நடந்தது. முதலில் முயல் ஓடி வந்தது.

"கேப்டன், எனக்குப் பின்னங்காலில் நல்ல வேகம். ஒரு பந்து உதைத்துக் காட்டட்டுமா?"

"இவ்வளவு சீக்கிரம் வந்துட்டியே. சிறுத்தைக்கு அடிபடப் போறது உனக்கு முன்னாலேயே தெரியுமோ?"

முயலுக்கு மீசை நடுங்கியது. வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பி ஓடியது.

அடுத்து மான் தயங்கித் தயங்கி வந்தது.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்றது கரடி.

"வரலாமா வேண்டாமான்னு யோசிச்சேன் அண்ணே."

"யோசிச்சியா? தப்பு செய்தவனுக்குத்தான் யோசனை வரும். போ."

சீக்கிரம் வந்தாலும் குற்றம், தாமதமாக வந்தாலும் குற்றம். மற்ற மிருகங்கள் வந்த வழியே நழுவ ஆரம்பித்தன.

அப்போது காட்டுப்பன்றி வந்தது. பின்னாலேயே குட்டிகள் வரிசையாக வந்தன. பன்றி பந்தை மூக்கால் உருட்டிக்கொண்டே ஓடி வந்து, ஒரு நெம்பு நெம்பியது. பந்து போனது தெரியவில்லை. நடு ஸ்டம்ப் பறந்து போய் நாவல் மரத்தில் குத்திக்கொண்டு நின்றது.

"அம்மாடியோவ்!" என்றது ஆமை, தலையை முழுசாக வெளியே நீட்டி.

கரடி மரத்தில் நின்ற ஸ்டம்பைப் பார்த்தது. பன்றியைப் பார்த்தது. கண் சுருங்கியது.

"இவ்வளவு நல்லா வீசுறியே, இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"குட்டிங்க கைப்பிள்ளையா இருந்துச்சுங்க அண்ணே. இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்குங்க."

"ஓ! சிறுத்தை நொண்ட ஆரம்பிச்சதும், உன் குட்டிங்க நடக்க ஆரம்பிச்சிருச்சா?"

"அண்ணே! நான் எதுக்குண்ணே அந்த வேலை செய்வேன்? நாம தோத்தா வெயில்ல வாடப் போறது என் பிள்ளைங்கதானே?"

"நல்லாப் பேசவும் தெரியுது. நல்லா வீசவும் தெரியுது. இது ரெண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வரும்? நீ பதினோரு பேரில் வேண்டாம், வெளியே உட்கார்."

பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நின்றது. அதற்குக் கண் கலங்கியது. குட்டிகளுக்குத் தெரியக் கூடாது என்று மண்ணை முகர்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டது.

இதையெல்லாம் புதருக்குப் பின்னால் இருந்து நரி பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் பாதி நண்டு. வேகப்பந்து போடுகிறவருக்குத் தினமும் மடு நண்டு தனியாகக் கிடைக்கும் என்பது நரிக்குத் தெரியும். கேட்டவர்களெல்லாம் விரட்டப்பட்டதையும் நன்றாகக் கவனித்துவிட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டு, கரடிக்கு எதிரில் சும்மா நடந்து போனது.

"ஏய் நரி, நில்லு! நீ ஏன் ஆள் எடுப்புக்கு வரலை?"

"எனக்கெதுக்கு அண்ணே அந்த வேலை? நான் பாட்டுக்கு இருக்கேன்."

"உனக்கு சிறுத்தை இடம் வேண்டாமா?"

"சத்தியமா வேண்டாம்."

"பேரு புகழ்?"

"அதெல்லாம் எனக்குச் சேராது அண்ணே. தலை சுத்தும்."

"நண்டு கிடைக்கும்."

நரி எச்சிலை விழுங்கியது. "நண்டா? அது... அது வேற கடினமா இருக்கும். வேண்டாம் அண்ணே."

கரடியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா எல்லாரும்! ஆசையே இல்லாத ஒருத்தன். முள்ளுப் போட இவனுக்கு ஒரு காரணமும் இல்லை. இவன்தான் நம்ம வேகப்பந்து வீச்சாளன்."

"ஐயோ, என்னை விட்டுடுங்க அண்ணே!"

"கேட்டீங்களா? இப்பவும் வேண்டாங்கிறான்! முடிவே பண்ணிட்டேன்."

பன்றிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அவன் ஒரு பந்தாவது வீசிப் பார்த்தீங்களா?"

"வீசிக் காட்ட ஆசைப்படுறவங்களைத்தான் நம்பக் கூடாது" என்றது கரடி.

நரி தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க இவ்வளவு கட்டாயப்படுத்துறதால..." என்று நண்டுக் கூடையை வாங்கிக்கொண்டது.

மறுநாள் ஆட்டம். கொக்குதான் அம்பயர். அது எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லை, மடுவுக்குத்தான் சொந்தம். இரண்டு கேப்டன்களும் பதினோரு பேரின் பெயரைக் கொக்கிடம் சொன்னார்கள்.

கரடி அணி முதலில் ஆடி நல்ல ரன் எடுத்தது. அக்கரைக் குரங்குகள் மட்டையோடு வந்தன.

நரி பந்தை எடுத்தது. அதற்கு நீள ஓட்டமெல்லாம் கிடையாது. ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டு, பந்தைத் தூக்கிப் போட்டது. பந்து ஒரு தடவை குதித்தது. இன்னொரு தடவை குதித்தது. குரங்கு அதற்குள் தலையைச் சொறிந்து, பேன் பார்த்து, மட்டையைத் தூக்கி அடித்தது. ஆறு.

அடுத்த பந்து ஆமையின் முதுகில் விழுந்தது. கொக்கு இரண்டு சிறகையும் விரித்து "வைடு" என்றது. அதற்கடுத்ததும் வைடு. விரித்து விரித்துக் கொக்குக்குச் சிறகு வலி வந்துவிட்டது.

"தம்பி, இன்னொரு பந்து போடுப்பா, எங்க மாமனும் அடிக்கணுமாம்" என்று குரங்குகள் கேலி செய்தன.

கரடி நரியின் காதைப் பிடித்தது. "அவங்ககிட்ட நண்டு வாங்கினியா? உண்மையைச் சொல்! முள்ளுப் போட்டதும் நீதானே?"

"உங்ககிட்ட வாங்கின நண்டே இன்னும் செரிக்கலை அண்ணே. நண்டுக்காகத்தான் வந்தேன், ஒத்துக்கிறேன். ஆனா முள்ளு நான் போடலை."

நரி வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னது. யாரும் நம்பவில்லை.

அடுத்த அடியில் பந்து புற்றுப் பக்கம் பறந்தது. அதுவரை அந்தப் பக்கம் யாருமே ஓடவில்லை. கரடியே துரத்திக்கொண்டு ஓடியது.

"ஐயோ!"

கரடி காலைத் தூக்கிப் பார்த்தது. விரல் நீளத்துக்கு ஒரு முள்.

அங்கேயே உட்கார்ந்து புல்லை விலக்கிப் பார்த்தது. புல் சாய்ந்து, மைதானத்தின் குறுக்கே நீளமாக ஒரு தடம் போனது. எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். வழி நெடுக ஒடிந்த முள். பக்கத்தில் பெரிய பெரிய பாதச் சுவடுகள்.

"சிக்கினான்!" என்று கரடி குதித்தது. பிறகு பாதங்களை உற்றுப் பார்த்தது. "என்னோட பாதம் மாதிரியே இருக்கே. யாரோ என் மேல பழி போட, என் பாதம் மாதிரியே..."

மெதுவாகத் தன் காலை எடுத்து அந்தப் பாதத்தின் மேல் வைத்தது. சரியாகப் பொருந்தியது.

தலையைத் தூக்கியது. தடம் போய் முடிந்த இடத்தில் அதன் வேலி நின்றது.

கரடி தன் காலில் இருந்த முள்ளைப் பிடுங்கியது. பிறகு நொண்டிக்கொண்டே கொக்கிடம் ஓடியது.

"அம்பயர் ஐயா, ஆளை மாத்துறேன். பன்றி வந்து வீசட்டும்!"

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னது. "காலையில் நீங்கள் சொன்ன பதினோரு பேரில் அவர் இல்லையே. வெளியே உட்கார்ந்தவர் வந்து பந்தைப் பிடிக்கலாம். வீசக் கூடாது. அதுதான் விதி."

"ஐயா, தயவு செய்து..."

"ஆளை எடுத்தது நான் இல்லை, கேப்டன்."

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. குரங்குகள் ஜெயித்துவிட்டன.

மறுநாள் உச்சி வெயில். காட்டுப்பன்றி குட்டிகளைத் தன் நிழலுக்குள் அடக்கி நடத்திக்கொண்டு மடுவுக்குப் போனது. கடைசிக் குட்டி நடக்க முடியாமல் வழியிலேயே உட்கார்ந்தது. அதை மூக்கால் தள்ளித் தள்ளி நடத்தியது.

வழியில் மைதானம். அங்கே கரடி தனியாக வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தது. ஒரு முள்கிளையைப் பிடித்து, புல்லின் மேல் தரதரவென்று இழுத்தது.

பன்றி நின்று பார்த்தது. கரடியும் நிமிர்ந்து பார்த்தது.

"இழுக்காதீங்க அண்ணே" என்றது பன்றி. "தூக்குங்க."

குட்டிகளை நிழலில் நிறுத்திவிட்டு வந்து, கிளையின் மறுமுனையைப் பிடித்தது.

நீதி: ஊரையே சந்தேகப்படுகிறவர் ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிடுவார். அந்த ஒருவர் யார் என்றால், அவர்... இதோ வந்துட்டேன் அத்தை, கீரை உருவியாச்சு, உலையை மட்டும் கொஞ்சம் பாருங்க...